ஆட்டுக்குப் பயந்த ஏரி

1976 நவம்பர் 14 என்று தேதியிட்ட இன்லண்டு கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. என் தங்கையின் கணவர் சுப்பிரமணி கும்மிடிப்பூண்டியிலிருந்து எழுதியது. வார்ப்பாலை வைக்க அங்கே நிலம் பார்த்துவிட்டாராம். "இடம் கொஞ்சம் பள்ளம்தான். ஆனால் இந்த வட்டாரத்தில் வரவர மழை குறைகிறது, வெயில் கூடுகிறது. இது நிரூபணமான விஷயம் என்கிறார்கள். நீங்கள் மழைக் கணக்கு வைக்கிறவர். ஒரு தரம் வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் 26ஆம் தேதி பத்திரத்தை முடித்துவிடுவேன்."

நிரூபணமான விஷயம் என்று யாராவது எழுதினால் எனக்கு உடனே எரிச்சல் வரும். கோயமுத்தூரில் என் வீட்டுக் கொல்லையில், தலைக்கு மேல் ஓர் இலைகூட இல்லாத இடத்தில் மழைமானி வைத்து, 1958லிருந்து தினமும் காலையில் அளந்து எழுதி வருகிறேன். இத்தனை வருஷத்தில் மழை எனக்கு எதையும் நிரூபித்துக் காட்டியதில்லை. ஒரு வருஷம் சொன்னதை அடுத்த வருஷம் மறுத்துவிடும். கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு மட்டும் அது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது போலும்.

சிரித்துவிட்டுப் போகும் விஷயமாக இது இருக்கவில்லை. என் தங்கை தன் பங்குக்கு வந்த தென்னந்தோப்பை விற்றுத்தான் இந்த ஆலைக்குக் கொடுத்திருந்தாள். வார்ப்பாலை என்றால் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் இடம். தரையில் ஈரம் இருந்தாலே உருகிய இரும்பு தெறிக்கும். உலை எரியும்போது வெள்ளம் உள்ளே புகுந்தால் வெடிக்கும். பக்கத்தில் நிற்கிறவன் வீட்டுக்குப் போகமாட்டான். ஆகவே நான் வேலை பார்க்கும் மில்லில் ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டு, குடையும் துண்டுமாகக் கிளம்பினேன்.

22ஆம் தேதி திருவள்ளூரில் இறங்கினேன். அந்த வட்டாரத்து மழையையும் வெப்பத்தையும் பல வருஷமாக எழுதி வைத்திருக்கும் வளாகம் ஒன்று அங்கே இருக்கிறது என்று கேள்வி. அது எது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே இருக்கும் குமாஸ்தாவுக்கு வேலை போகும். போனாலும் மழைக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பது வேறு விஷயம்.

முதலில் நாஷ்டா. அங்கே காலை உணவுக்கு அதுதான் பெயர். ஸ்டேஷன் எதிரிலிருந்த கடையில் இட்லிக்கு வடகறி ஊற்றிக் கொடுத்தார்கள். அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காப்பியைப் பற்றி நிறைய வரும். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் அந்தக் காப்பியில் உப்பை முதலில் கண்டுபிடிப்பான், காப்பியைக் கடைசியில். சர்வரிடம் சொன்னேன். "உப்பு போட்டா தனியா காசு சார், இது சும்மா வர்றதுதான்" என்று போய்விட்டான்.

வளாகத்தில் குமாஸ்தா என்னை அன்பாகத்தான் வரவேற்றார். கோயமுத்தூரிலிருந்து மழை பார்க்க ஒருவன் வந்திருக்கிறான் என்பதை இரண்டு அறைகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு வருஷ மொத்தங்களைக் காட்டினார். மாடிப்படி இறங்குவதுபோல இறங்கிக்கொண்டே வந்திருந்தன.

"நீங்களே பாருங்க சார். வருசா வருசம் கொறஞ்சிக்கினே போவுது. அப்புறம் இன்னா டவுட்டு?"

மழைமானியைப் பார்க்கவேண்டும் என்றேன். கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார். அது ஒரு வேப்பமரத்தின் கீழே இருந்தது. சாதாரண வேப்பமரமில்லை, கல்யாணத்துக்குப் பந்தலே போடவேண்டாம், அப்படி ஒரு மரம். மானியின் வாயில் இரண்டு வேப்பம்பழமும் ஒரு காக்கை இறகும் கிடந்தன.

"இந்த மரம் எப்போது வைத்தது?"

"நான் டூட்டில சேந்த வருசம் சார். அப்போ இடுப்பு ஒசரம்தான். இப்போ பாருங்க, இன்னா நெழலு!" என்று பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டினார்.

அறுபதுகளிலிருந்து திருவள்ளூரில் இறங்கி வந்தது மழை இல்லை. வேப்பமரம் ஏறி வந்திருக்கிறது. அதன் வளர்ச்சியைத்தான் இவர்கள் தினமும் காலையில் அளந்து, கையெழுத்திட்டு, மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மேலே இருக்கிறவர்கள் அதற்குக் கோடு போட்டு, வட்டார மழை குறைகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வெயில் கூடுகிறதே, அதையும் பார்த்துவிடலாம் என்று கேட்டேன். நான்கு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி. காற்றுப் போவதற்குச் சாய்வுச் சட்டம் அடித்தது. உள்ளே வெப்பமானிகள் இருக்கும். குமாஸ்தா திறந்தார். வெப்பமானிகள் இருந்தன. அவற்றின் நடுவே ஒரு டிபன் கேரியரும் இருந்தது.

"உள்ள வெச்சா தயிர்சாதம் புளிக்காது சார், காத்தாட கீது."

பெட்டிக்குப் பின்னால் கைநீட்டும் தூரத்தில் ஒரு சுவர். தொட்டேன்; சுட்டது. புதிதாகக் கட்டிய கேண்டீன், அடுப்பு அந்தச் சுவரை ஒட்டி. கேண்டீன் வந்தது எப்போது என்று நான் கேட்கவில்லை. வெப்பம் கூடத் தொடங்கிய வருஷத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மரமே இல்லாவிட்டாலும் வருஷ மொத்தத்தை மட்டும் பார்த்து நிலம் வாங்குகிறவன் ஏமாறுவான். நாற்பது நாள் சிணுங்கிப் பெய்த மழையும் ஒரே ராத்திரியில் கொட்டிய மழையும் மொத்தத்தில் ஒன்றாகத்தான் தெரியும். நாற்றுக்கு முதலாவது வேண்டும். உலையை அணைப்பது இரண்டாவது. மொத்தம் குறைந்துகொண்டே வரும்போதுகூட அந்த ஒரு ராத்திரி பெரிதாகிக்கொண்டே போகலாம். இதைக் குமாஸ்தாவிடம் விளக்கினேன். அவர் கேரியரைத் திறந்துகொண்டே "கரெக்டு சார்" என்றார்.

23ஆம் தேதி ஊத்துக்கோட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் பஸ். பேசாமல் உழைக்கச் சொல்லும் அரசாங்கச் சுவரொட்டி அதன் முதுகில் ஒட்டியிருந்தது. பஸ் பேசவில்லை, உழைக்கவும் இல்லை. இரண்டு இடத்தில் நின்றது. ஊத்துக்கோட்டை தாண்டியதும் தூறல். கண்ணாடி துடைக்கும் தண்டில் சணல் கயிறு கட்டி, அதை ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தார்கள். முன் சீட்டில் உட்கார்ந்தவர் அதை இழுக்கவேண்டும். முன் சீட்டில் உட்கார்ந்தவன் நான். இழுப்பதை நிறுத்தினால் டிரைவர் திரும்பி, "இன்னா சார், தூங்கிட்டியா?" என்று கேட்டார். டிக்கெட்டில் தள்ளுபடி கிடையாது.

வழியில் ஒரு மீன்காரம்மா கூடையோடு ஏறினார். பழவேற்காட்டு மடவை மீன் விற்றுவிட்டு வருகிறவர். கூடைக்கும் டிக்கெட் வாங்கச் சொன்னார் கண்டக்டர்.

"காலிக் கூடைக்கு இன்னாத்துக்குய்யா டிக்கெட்டு? அது குந்திக்கினா வருது? ஒங்க பஸ்ஸு ஒழுவுறதுக்கு அத்தத்தான் நான் தலைல கவுத்துக்கப்போறேன்."

சொன்னபடியே கவிழ்த்துக்கொண்டார். பஸ்ஸில் நனையாமல் வந்தது அவர் ஒருவர்தான்.

மழை ஏன் குறைந்துவிட்டது என்ற விவாதம் பின் சீட்டில், நன்றாக மழை பெய்துகொண்டிருக்கும்போதே, தொடங்கியது. "அந்தாண்ட தீவுல ராக்கெட்டு உடுறான் இல்ல? அது மேகத்துல பொத்தல் போட்டுக்கினு போயிடுது" என்றார் ஒருவர். பொத்தல் விழுந்தால் தண்ணீர் கொட்டத்தானே வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். "அது அந்தாண்ட கடல்ல கொட்டிடுது நைனா, நம்பளுக்கு எங்க வருது?" என்று பதில் வந்தது. என்னோடு படித்த பௌதிக ஆசிரியர்கள் சிலரின் விளக்கங்களைவிட இது ஒன்றும் மோசமில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் சுப்பிரமணி குடையோடு காத்திருந்தார். "வாங்க மச்சான், நல்லா இருக்கீங்ளா? தங்கச்சிகிட்ட ஒண்ணும் சொல்லீட்டு வரலியே?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.

மறுநாள் 24. கும்மிடிப்பூண்டியிலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூர். ரஸ்தாவை ஒட்டிச் சில கொட்டகைகள் ஏற்கெனவே எழும்பியிருந்தன. பெரிய தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற பேச்சும் அவற்றுக்கு முன்பே எழும்பியிருந்தது. நிலத்துக்காரர் பெயர் முனுசாமி. ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிட்டது. நெல் போடும் குடும்பம். அறுபது வயது, வெள்ளை வேட்டி, பல் தெரியாத சிரிப்பு.

நிலத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே ஏரிக்கரை தெரிந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போவதற்கு ஒரு தாழ்ந்த கல்சுவர் கட்டியிருப்பார்கள். அதைக் கலங்கல் என்கிறார்கள். நைனாவின் நிலம் அந்தக் கலங்கலுக்கு நேர் கீழே, வெட்டி வைத்த வாய்க்கால்போலக் கிடந்தது. இங்கே உலை வைப்பதும் ஓடையில் அடுப்பு மூட்டுவதும் ஒன்று.

"கலங்கலா? அது பாஞ்சி எத்தினியோ வருசம் ஆவுது சார்" என்றார் நைனா. "பெய்ற மழை ஏரிக்கே பத்தல. கல்லப் பாருங்க, காஞ்சி கெடக்குது."

கல் காய்ந்துதான் கிடந்தது. ஏரியில் தண்ணீர் அதற்கு நன்றாகக் கீழே நின்றது. சுப்பிரமணி என்னை வெற்றிப் பார்வை பார்த்தார். "நாஞ் சொல்லலீங்ளா மச்சான்? மேல ஆபீஸ்லயும் இதேதான் எழுதியிருக்கான், இங்க ஏரியும் இதேதான் சொல்லுது."

வேப்பமரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். மரத்துக்குக் கீழே இல்லாத ஏரியுமா பொய் சொல்லும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மத்தியானத்துக்குள் மழை வலுத்தது. ஏரிக்கரை முனையில் கோதண்டம் என்பவரின் டீக்கடையில் ஒதுங்கினோம். நைனாவும் வந்தார். அங்கே கன்னியம்மா என்ற ஒரு பெண்மணி, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏரிப் பாசனத்தில் அவருக்கும் நிலம் உண்டு. நைனாவைக் கண்டதும் குரலை உயர்த்தினார்.

"இன்னா நைனா, இந்த வருசமாச்சும் ஆடு உண்டா? இல்ல, ஏரிக்கு இன்னும் பேதி நிக்கலியா?"

கடையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் கோதண்டம். கையிலிருந்த டீ சிந்தியது. நைனா மட்டும், "பொம்பள வாய்க்கு மதகு கெடையாது" என்று சொல்லிவிட்டு எழுந்து மழையில் போனார்.

என்ன ஆடு என்று கேட்டேன். கன்னியம்மா சொன்னார். கலங்கல் பாய்ந்தால் அன்றைக்கே அந்தக் கல்லின்மேல் மஞ்சள் பூசி, கடா வெட்டி, ஊருக்கே சாப்பாடு போடவேண்டும். வீட்டுக்கு வீடு முறை. ஒரு வீட்டு முறை வந்தால், கலங்கல் பாயும்வரை அது அந்த வீட்டிலேயே நிற்கும். பாயாத வருஷத்துக்கு ஆடு இல்லை, முறையும் நகராது. இப்போது முறை நைனா வீட்டில்.

"எத்தனை வருஷமாக?"

"அறுவத்தேழுலர்ந்து" என்றார் கன்னியம்மா. அறுபத்தெட்டு என்றார் கோதண்டம். இருவரும் அதற்குச் சாட்சியாக ஆளுக்கொரு கல்யாணத்தைச் சொன்னார்கள். எது சரி என்று முடிவாகவில்லை.

"அதுக்கு முன்னால?"

"முன்னால நல்லாத்தான் பாஞ்சிக்கினு இருந்துச்சி. இவுரு ஊட்டுக்கு முறை வந்துச்சி, ஏரிக்கு இன்னா நோவோ, ரொம்பறதுக்கு ஒரு சாண் இருக்கும்போதே எறங்கிடுது. மதகு பாக்குற செங்கையா இவுரு மச்சான்தான். யாரு கண்டா? நாங்க கண்ணால பாக்கல."

அவர்கள் கண்ணால் பார்க்காததைக் காதால் கேட்கும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது. மழை சற்று ஓய்ந்தபோது கரைமேல் நடந்து மதகுப் பக்கம் போனேன். நைனாவும் செங்கையாவும் அங்கே நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் இருவரும் தெலுங்குக்கு மாறினார்கள். கோயமுத்தூர் மில்லில் எனக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. அவர்கள் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"வழக்கம்போல இருட்டினதும் மதகைத் தூக்கிவிடு. தண்ணி கல்லைத் தொடக்கூடாது."

"மழை பலமா இருக்கு மாமா. நிறைய தூக்கணும். கால்வாயில போற சத்தம் ஊருக்குக் கேக்கும்."

"கேட்டா மழைன்னு நினைப்பாங்க. வெள்ளிக்கிழமை பத்திரம் முடியட்டும். கோயமுத்தூர் பைத்தியம் ரெண்டும் ரயில் ஏறட்டும்."

பிறகு நைனா என்னிடம் தமிழில், "மழை நின்னுடும் சார், இது சும்மா பூச்சாண்டி" என்றார்.

ஒரு சமூகமே தன் கோடைத் தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிட்டு, ஏரி ஏன் நிரம்பவில்லை என்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. காரணம் ஒரு கடா. திருவள்ளூர்க் குமாஸ்தாவாவது மரத்தை மறைக்கவில்லை. இங்கே ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டு, ஊர் முழுக்கச் சிரித்து, ஒருவரும் இருட்டில் எழுந்து நூறடி நடந்து மதகைப் பார்க்கவில்லை. ராக்கெட்டைப் பற்றி மட்டும் எல்லாரிடமும் தகவல் இருந்தது.

சுப்பிரமணியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "உங்களுக்குப் புடிக்கலீன்னா புடிக்கலீன்னு சொல்லீருங்க மச்சான். ஆட்டுக்கோசரம் ஏரியத் தொறந்து உடுவானுங்ளா?" என்றார். தங்கையின் தோப்பு போய்விட்டது. பத்திரத்துக்கு நடுவே ஒரு நாள்தான் பாக்கி. எனக்கு வேறு வழி தெரியவில்லை. டீக்கடைக்குத் திரும்பிப்போய், கேட்டதைக் கன்னியம்மாவிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அவர் டீ கிளாஸை வைத்தார். "டேய் கோதண்டம், எந்திரிடா. நெஜமாத்தான் கீது" என்றார்.

அன்று ராத்திரி நடந்ததை நான் பார்க்கவில்லை, மறுநாள் கேட்டதுதான். கன்னியம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கோணியைப் போர்த்திக்கொண்டு மதகின்மேலேயே போய் உட்கார்ந்துவிட்டார்களாம். செங்கையா வந்து பார்த்துவிட்டு, தானும் காவலுக்குத்தான் வந்தேன் என்று சொல்லி அவர்களோடு உட்கார்ந்துகொண்டாராம். மழையை மட்டும் நான் கேட்டேன். ஓட்டின்மேல் ஜல்லி கொட்டுவதுபோல விடியவிடியக் கொட்டியது. கோயமுத்தூரில் என் மழைமானி அப்படி ஒரு ராத்திரியைக் கண்டதே இல்லை.

25ஆம் தேதி விடிந்தபோது மெட்ராஸ் தண்ணீரில் நிற்கிறது என்று டீக்கடை ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. கலங்கல் பாய்ந்தது. கல்லைத் தாண்டி, செம்மண் நிறத்தில், ஆள் பேச்சுக் கேட்காத இரைச்சலோடு நேராக நைனாவின் நிலத்துக்குள் இறங்கியது. சுப்பிரமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உலை வைக்க முளைக்குச்சி அடித்திருந்த இடத்தைப் பார்க்க இறங்கினார். நான்கடி போனார், நின்றார்.

"மச்சான், ரெண்டடி தரையைத் தூக்கிக் கட்டுனா..."

"உங்க முழங்கால் எங்கீங் மாப்ளே?"

குனிந்து பார்த்தார். முழங்கால் இல்லை, தொடை தொடங்கும் இடத்தில் தண்ணீர். குச்சி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஏறி வந்தார். பத்திரம் வேண்டாம் என்றார். கன்னியம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அதற்கு அவர், "எனக்கு இன்னாத்துக்கு கும்புடுற? ஆட்டக் கும்புடு" என்றார்.

ஆடு வந்தது. நைனா கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஆடு அவரை இழுத்தது. ஊர் இரண்டு பக்கமும் நின்று வழி விட்டது. என்னைத் தாண்டும்போது நைனா நின்று, "இது எப்பவோ ஒரு வாட்டி சார். நாள பின்ன தண்ணி வத்திடும், அப்போ வந்து பாருங்க" என்றார். கோபமே இல்லை. ஒருவன் கையும் களவுமாக அகப்பட்ட பிறகும் நிலம் விற்க முடியும் என்று நம்புவதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் குழம்பு நன்றாகவே இருந்தது. கோயமுத்தூரில் இத்தனை மிளகாய் போட்டால் சண்டை வரும்.

மதகைத் திறந்திருந்தால்கூட அந்த மழைக்குக் கலங்கல் பாய்ந்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. முந்தைய வருஷங்களில் எந்தெந்த வருஷம் தானாகப் பாய்ந்திருக்கும் என்பதையும் இனி யாரும் சொல்லமுடியாது. அத்தனையும் கால்வாய் வழியாகப் போய்விட்டது.

சாப்பிட்டு எழுந்தபோது, அடுத்த முறை யார் வீடு என்று பேச்சு வந்தது. கன்னியம்மா விரல் விட்டு வீடுகளை எண்ணி, "நம்ப கோதண்டம் ஊடு" என்றார். கோதண்டம் அதுவரை நைனாவைக் கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்தார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

சுப்பிரமணி இப்போது கோயமுத்தூரை ஒட்டிய கணபதியில், மேட்டில், ஒரு சிறிய வார்ப்பாலை நடத்துகிறார். என் தங்கை என்னோடு பேசுகிறாள். இதை எழுதும் 1979இல் கோதண்டத்திடமிருந்து ஒரு கார்டு வந்திருக்கிறது. நைனாவின் நிலத்துக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பார்ட்டி வந்திருக்கிறதாம்; இரும்பு உருக்குகிறவர்கள்தானாம். அன்றைய வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் மழை சுத்தமாகக் குறைந்துவிட்டது, தண்ணீர் ஒரு வருஷம்கூடக் கல்லைத் தொடவில்லை, மழைக் கணக்குத் தெரிந்த நீங்கள் அவர்களுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் உபயோகமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு வரி எழுதிவிட்டேன்: வாங்கவேண்டாம், வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு கடாவையும் சேர்த்து வாங்குங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்த மூன்று வருஷத்தில் மழை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.